வீட்டில் வைத்தே வைத்தியம்

நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று கேட்பார்கள். டி.பி. என்று சொன்னால் வெந்துவிடும் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். மாமியார் அதை ‘அந்த உடம்பு’ என்பார். என் அப்பா கடிதத்தில் ‘மாப்பிள்ளையின் அசௌகரியம்’ என்று எழுதுவார். நான் மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தப் பெயரை அடித்துக்கொண்டிருந்தேன். முழுப் பெயராக, இங்கிலீஷில், கார்பன் வைத்து மூன்று பிரதி. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியின் நெஞ்சு நோய்ப் பிரிவில் நான் டைப்பிஸ்ட்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்தே மாதம் ஆகியிருந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு காலையில் இருமிவிட்டுக் கைக்குட்டையைப் பார்த்தார். பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் குமாஸ்தா. எதையும் மடித்து வைக்கிற சுபாவம். துவைக்க எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே ஊருக்கு வெளியே இருந்த சானடோரியத்தில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். குறைந்தது இரண்டு வருஷம் என்றார்கள். நான் இரண்டு மாதம் என்று காதில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து மாமியார் திரும்பக் கேட்டபோதுதான் சரியாகச் சொன்னேன்.

அந்த ஐந்து மாதத்தை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை அதில். நீலசந்திராவில், ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடித்தனங்கள் இருந்த இடத்தில், எங்களுக்கு ஒன்றரை அறை. அந்த அரை அறையில் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொம்மலூர் பக்கம் நடந்துபோவோம். போகும்போது அவர் முன்னால், நான் பின்னால். திரும்பி வரும்போது இருட்டிவிடும், அதனால் சேர்ந்து நடப்போம். ஒரே டம்ளர் காப்பியை அவர் பாதி குடித்துவிட்டு என்னிடம் தருவார். அது அன்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. சூடு ஆறிவிட்டது என்று சண்டை போட்டிருக்கிறேன்.

வேலைக்கு நான் போனது அவர் சானடோரியத்துக்குப் போன பிறகுதான். கல்யாணத்துக்கு முன்பே டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் இரண்டும் பாஸ் செய்திருந்தேன். நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு டைப்பிஸ்ட் யாரும் நிலைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். வந்தவர்கள் எல்லாம் ஒரு வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டு ஓடிப்போனார்களாம். அங்கே பெரிய டாக்டர் என்று நாங்கள் சொல்வது பிரிவின் தலைவரை. சீமையில் படித்தவர், சானடோரியமும் அவர் பொறுப்பில்தான். ‘உனக்கு பயமில்லையாம்மா?’ என்று கேட்டார். பயத்தை ஏற்கெனவே உங்கள் சானடோரியத்தில் அட்மிட் பண்ணிவிட்டேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வேலை கொடுத்தார்.

ஞாயிறு மத்தியானம் சானடோரியத்துக்கு ஒரு பஸ். அதில் போகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள்தான். எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு, தலை நிறையக் கனகாம்பரம், மடியில் முட்டையும் ஆரஞ்சும். கண்டக்டர் எங்களுக்கு மட்டும் டிக்கெட்டை நுனியில் பிடித்து நீட்டுவான். நாங்களும் விடமாட்டோம், வேண்டுமென்றே அவன் விரலைத் தொட்டு வாங்குவோம். பக்கத்தில் உட்கார்ந்து வருகிற ஒரு கன்னடக்கார அம்மாள் என்னிடம் ஒவ்வொரு வாரமும் கேட்பாள்: ‘யாவாக பர்த்தாரம்மா நிம்ம யஜமான்ரு?’ உன் புருஷன் எப்போது வருவார் என்று. வருவார், வருவார் என்பேன். அவளை நான் கேட்கமாட்டேன். அவள் புருஷனுக்கு இரண்டு நுரையீரலும் போய்விட்டிருந்தது. அந்தக் காகிதத்தை அடித்தது நான்தான்.

சானடோரியத்தில் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நீளமான வராந்தா. நோயாளிகள் ஒரு வரிசையில், பார்க்க வந்தவர்கள் எதிர் வரிசையில். நடுவே ஆறடி. நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை. தொடக்கூடாது, பக்கத்தில் போகக்கூடாது, கொண்டுவந்த பண்டத்தை ஆயாவிடம்தான் கொடுக்க வேண்டும். இந்த விதிகள் எல்லாம் ஒரு தாளில் டைப் அடித்துச் சுவரில் ஒட்டியிருக்கும். பழைய தாள் கிழிந்துபோனதால் புதிதாக அடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அடித்துக் கொடுத்தேன். என் வேலியை நானே நட்டேன்.

ஆறடி தூரத்திலிருந்து புருஷன் பெண்டாட்டி என்ன பேச முடியும்? பத்துப் பேர் பத்துப் பேரிடம் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். ‘சாப்டியா?’ என்பார். ‘சாப்ட்டேன். நீங்க?’ என்பேன். அத்தையின் முழங்கால்வலி, குழாயில் தண்ணீர் வரவில்லை, மழை. அவர் காது நுனியில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருக்கும். எழுந்துபோய்த் துடைத்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். ஐந்து மணிக்கு மணி அடித்துவிடும். வாரம் முழுக்க எனக்கு அந்தச் சோப்பு நுரைதான் ஞாபகத்தில் இருக்கும்.

இப்படி ஒன்றேகால் வருஷம் போன பிறகுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமைகளில் டாக்டர்கள் கூடிப் புதிதாக வந்த வைத்தியப் பத்திரிகைகளைப் படித்து விவாதிப்பார்கள். நான் மூலையில் உட்கார்ந்து ஷார்ட்ஹேண்டில் குறித்துக்கொள்ள வேண்டும். மதராஸில் பயிற்சி முடித்துவிட்டு ஒரு சின்ன டாக்டர் எங்கள் பிரிவுக்கு வந்திருந்தார். ஒல்லி, படபடவென்று பேசுவார், சட்டையில் மசிக்கறை. அவர் கையில் ஒரு அச்சடித்த அறிக்கை இருந்தது. அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷில். என் நெஞ்சில் தங்கியிருப்பதென்னவோ தமிழில்.

மதராஸில் ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிற பகுதியிலிருந்து நோயாளிகளை எடுத்துக்கொண்டார்களாம். யாரை எங்கே போடுவது என்று டாக்டர்கள் தீர்மானிக்கவில்லை. திருவுளச்சீட்டு மாதிரி விழுந்தபடி. ஒரு பாதிப் பேருக்கு சானடோரியத்தில் கட்டில், ஓய்வு, நல்ல சாப்பாடு, மருந்து. மறு பாதிக்கு மருந்து மட்டும். அவரவர் வீட்டில், அவரவர் கஞ்சியைக் குடித்துக்கொண்டு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று.

‘இன்னொரு விஷயமும் இருக்கு,’ என்றார் சின்ன டாக்டர். ‘வீட்ல இருந்த நோயாளிகளோட குடும்பத்துக்கு நோய் ஜாஸ்தியாத் தொத்தல. டி.பி. பூச்சி பரவுறது மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிதான். மருந்து சாப்பிட ஆரம்பிச்சிட்டா சீக்கிரமே அடங்கிடுது.’

என் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. வேறு பென்சில் எடுக்கிற நேரத்துக்குள் பெரிய டாக்டர் ஆரம்பித்துவிட்டார்.

‘ஒரு வருஷம் நல்லா இருந்தா ஆச்சா? அஞ்சு வருஷம் கழிச்சு எத்தனை பேருக்குத் திரும்பி வந்ததுன்னு சொல்லுங்க, அப்ப ஒத்துக்கறேன். அங்க வீடு வீடாப் போய் மாத்திரையை எண்ணினாங்க. நம்ம ஊர்ல யார் எண்ணுவா? ஜுரம் விட்டதும் மாத்திரையைத் தூக்கி எறிஞ்சிடுவான். பாதி மருந்து சாப்பிட்டவன் உடம்புல இருக்கற பூச்சிக்கு அப்புறம் எந்த மருந்தும் பிடிக்காது.’

‘நமக்குக் கட்டில் எத்தனை இருக்கு சார்? காத்திருக்கறவங்க எங்க காத்திருக்காங்க? வீட்லதான். மருந்து இல்லாம. இருமிக்கிட்டு.’

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை, இதை நான் அப்போது ஒத்துக்கொண்டிருக்கமாட்டேன். மருந்தே இல்லாத காலத்தில் டாக்டரானவர். காற்று, ஓய்வு, பால், முட்டை, இதைத் தவிர கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் எத்தனையோ சின்ன வயசுக்காரர்களை அனுப்பிவைத்தவர். கட்டிலை நம்பாதே என்று திடீரென்று ஒரு நாள் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

இதெல்லாம் இப்போதைய நியாயம். அன்றைக்கு எனக்கு இருந்தது கோபம்தான். கூட்டக் குறிப்பை அடித்தபோது சின்ன டாக்டர் பேசியது முழுப் பக்கத்துக்கு வந்தது, பெரிய டாக்டர் பேசியது நாலே வரி. திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டனுப்பினார். தாளை விரலால் தட்டினார்.

‘நான் இவ்வளவு கம்மியாவா பேசினேன்?’

தாளை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினேன்.

‘உன் வீட்டுக்காரர் எந்தக் கட்டில்னு எனக்குத் தெரியும்மா. அவருக்காக மட்டும் நான் பயப்படல. நீ சின்னப் பொண்ணு. உனக்காகவும் சேர்த்துத்தான்.’

திருப்பி அடித்துக் கொடுத்தேன், அவர் பேசியது அத்தனையும் போட்டு. ஆனால் அந்த மதராஸ் அறிக்கையை என் கணக்குக்கு ஒரு பிரதி கூடுதலாக அடித்து மடித்து எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் அதைத்தான் படித்தேன். புரியாத வார்த்தைகள் நிறைய. ‘வீடு’ என்கிற வார்த்தை மட்டும் எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் கண் தானாகப் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் ஆறடிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சேதியைக் கத்தினேன். அக்கம்பக்கத்தில் இருந்த ஆண்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ‘மெதுவா சொல்லு’ என்றார் அவர், வெட்கத்தோடு. மெதுவாகச் சொன்னால் உங்களுக்கு எப்படிக் கேட்கும் என்று அதையும் கத்திச் சொன்னேன்.

கடைசியில் பெரிய டாக்டரை மாற்றியது அறிக்கை இல்லை, இடநெருக்கடி. மழைக்காலத்துக்குப் பிறகு நோயாளிகள் வந்து குவிந்தார்கள். சளியில் பூச்சி இல்லையென்று தொடர்ந்து மூன்று மாதம் தெரிந்தவர்களில் சிலரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்போம் என்று அரைமனசாக ஒப்புக்கொண்டார். அதற்கும் ஒரு நிபந்தனை. ஹெல்த் விசிட்டர் முதலில் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து சரி என்று சொல்ல வேண்டும். பட்டியலை நான் அடித்தேன். ஏழாவது பெயர் அவருடையது. அந்த ஒரு வரியை இரண்டு தடவை தப்பாக அடித்தேன், அடிக்கிற வேலையில் நான் புலி என்று பெயர் எடுத்தவள்.

ஹெல்த் விசிட்டர் வருகிறார் என்றால் பெண் பார்க்க வருகிற மாதிரி வீட்டில் அமர்க்களம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அத்தையை ஆனேக்கலில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன், வீட்டில் ஆள் நெருக்கம் இல்லை என்று காட்டுவதற்கு. சானடோரியம் விதித்தாள் எனக்கு மனப்பாடம் ஆயிற்றே. அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். என் பழைய புடவையைக் கிழித்து அறையின் குறுக்கே ஒரு திரை. சன்னல் பக்கம் அவருக்கு, அடுப்புப் பக்கம் எனக்கு. எந்தக் குறையும் சொல்லி யாரும் அவரை நிறுத்திவிடக் கூடாது. என் மனசில் இருந்தது அவ்வளவுதான்.

விசிட்டர் அம்மா மங்களூர்ப் பக்கத்துக்காரர், வெள்ளைப் புடவை, ஆண் மாதிரி நடை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். ‘இஷ்டெல்லா யாகெ பேக்கம்மா?’ என்றார். இவ்வளவெல்லாம் எதற்கு என்று. ‘தட்டுல ஒண்ணும் இல்ல. மாத்திரை ஒரு நாள் விடாம சாப்பிடணும், அஷ்டே, அவ்வளவுதான்.’ சரி என்று எழுதிக்கொண்டு போனார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. டிரங்குப் பெட்டியோடு வாசலில் நின்றார். முற்றத்தில் இருந்த மற்ற ஏழு குடித்தனமும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தது. உள்ளே வந்தவர் திரையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். பெட்டியைத் திரைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். ஒன்றரை வருஷமாகப் பழகிய கண் சரியாக அளந்துவிட்டது. எனக்கும் அவருக்கும் நடுவே ஆறடி இருந்தது.

‘விசிட்டருக்குக் காட்டறதுக்காக வெச்சேங்க,’ என்று சொல்லித் திரையை அவிழ்த்தேன்.

‘இருக்கட்டும்,’ என்றார்.

மறுநாள் நான் வேலையிலிருந்து வருவதற்குள் திரும்பக் கட்டியிருந்தார். நான் கட்டியதைவிட இழுத்து, நேராக. எதையும் ஒழுங்காகச் செய்கிறவர் ஆயிற்றே. நான் அவிழ்க்க, அவர் கட்ட, ஒரு வாரம் இப்படிப் போயிற்று. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மடித்து வைத்திருந்த அறிக்கையை எடுத்துவந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வீட்டிலிருந்தவர்களுக்குத் தொத்தவில்லை, பாருங்கள், இதோ, அச்சில் போட்டிருக்கிறார்கள்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: ‘அதுல இருக்கறவங்கல்லாம் யாரோ எவரோ. நூறு பேர்ல ஒருத்தருக்கு வந்தாக்கூட அவங்களுக்கு அது ஒரு எண்ணு. எனக்கு நீ ஒருத்திதான் இருக்கே.’

 பெரிய டாக்டரோடுகூட வாதாடிவிடலாம். சனிக்கிழமைகளில் சின்ன டாக்டர் என்னென்னவோ பதில் சொல்வார், எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். இதற்கு ஒன்றும் இல்லை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது அதுதான். சானடோரியத்தில் இருந்தபோதாவது வீட்டுக்கு வந்துவிட்டால் போதும் என்று ஏங்கினேன். இப்போது எதற்காக ஏங்குவது? ஒரே கூரை. அவர் மூச்சு விடுகிற சத்தம் திரைக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. சட்டைக்குப் பித்தான் தைத்துத் திரை விளிம்பில் வைப்பேன், எடுத்துக்கொள்வார். கைபடாமல் எடுப்பதற்குக் கற்றுக்கொண்டிருந்தார். அவர் பேசும்போது முகத்தை சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். கல்யாணமான புதிதில் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க நான் வெட்கப்பட்டதை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும். பார்த்துத் தொலைத்திருக்கலாமே!

மாத்திரை விஷயத்தில் அவரிடம் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஆனேக்கலிலிருந்து திரும்பி வந்த அத்தை, ‘விருந்தும் மருந்தும் மூணு நாள். இன்னா இது, வருஷம் பூரா முழுங்கறான்?’ என்று முணுமுணுப்பார். அந்த மருந்து வயிற்றைக் குமட்டும். சாப்பிட்ட சோறு பல நாள் வெளியே வந்துவிடும். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்காருவார், அடுத்த வேளைக்கும் தவறாமல் எடுத்துக்கொள்வார். விசிட்டர் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து மாத்திரையை எண்ணிப் பார்ப்பார், கணக்குக்கு மேல் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. பெரிய டாக்டரே ஒரு தடவை என் மேஜைப் பக்கம் வந்து, ‘உன் வீட்டுக்காரர் மாதிரி எல்லாரும் இருந்தா நான் தோத்துடுவேன்மா’ என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு நாள் சின்ன டாக்டர் பிரிவில் வேலை செய்கிறவர்களையும் நோயாளிகளின் வீட்டாரையும் வரிசையில் நிற்கவைத்து முன்னங்கையில் ஊசி போடச் சொன்னார். டி.பி. பூச்சி உடம்புக்குள் எப்போதாவது நுழைந்திருந்தால், மூன்றாம் நாள் அந்த இடம் சிவந்து வீங்குமாம். நான் இரண்டு வகையிலும் வரிசையில் நிற்க வேண்டியவள். நர்ஸ் தோலை லேசாகத் தூக்கிக் குத்தினாள். கொசு கடித்த மாதிரி ஒரு புடைப்பு வந்தது, அடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் கை தகதகவென்று இருந்தது. நாலணா அகலத்துக்கும் மேலே சிவந்து, கல் மாதிரி தடித்து, நடுவில் ஒரு கொப்புளம். சின்ன டாக்டர் ஸ்கேலை வைத்து அளந்தார். அளந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஈரமாகவே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பெரிய டாக்டரும் வந்து பார்த்தார். இருவரும் ஒன்று போலத் தலையாட்டியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

‘நெஞ்சு சுத்தமா இருக்கு, பயப்படாதேம்மா,’ என்றார் சின்ன டாக்டர். ‘பூச்சி உள்ள போயிருக்கு. உடம்பு அதை அடக்கி ஒரு மூலையில உட்கார வெச்சிருக்கு. தெருவுல போற பெரியவங்களைப் பிடிச்சுக் குத்தினாலும் நிறையப் பேருக்கு இப்படித்தான் வீங்கும். அவங்கள்ல பெரும்பாலோருக்கு நோயே வராது. அப்பப்ப வந்து காட்டு, போதும்.’

‘எப்ப சார் போயிருக்கும்?’

‘உறுதியாச் சொல்ல முடியாது. சின்ன வயசுலயும் போயிருக்கலாம். வீட்டுக்காரர்கிட்ட இருந்துன்னா, அவர் மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிதான். இப்பத்தான் அவர் சளியில பூச்சியே இல்லையே.’

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. பெரிய டாக்டர் மிரண்டுபோய் நர்ஸைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அதிர்ச்சியில் அப்படி ஆகிறது என்று நினைத்துவிட்டார் பாவம். அவருக்கு எப்படிச் சொல்வது? என்னை எதிலிருந்து காப்பாற்றுவதற்காக என் வீட்டுக்காரர் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ, அது அந்த ஐந்து மாதத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. இனிமேல் காப்பாற்ற என்ன இருக்கிறது?

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தேன். புடவைத் தலைப்பு படாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெடல் வாங்கிய பிள்ளை மாதிரி. பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று போயிற்று. ‘ஜல்தி போப்பா’ என்று டிரைவரிடம் கத்த வேண்டும் போல் இருந்தது. நீலசந்திராவில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். அத்தை குழாயடியில் இருந்தார். வீட்டுக்காரர் திரைக்கு அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரையை விலக்கிக் கையை நீட்டினேன்.

‘பாருங்க. எனக்கும் இருக்கு. அப்பவே வந்துடுச்சாம். டாக்டர் சொல்லிட்டாரு, எக்ஸ்ரேயும் எடுத்துட்டாங்க, ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு. இனிமே உங்களால எனக்கு ஆகறதுக்கு ஒண்ணுமே இல்ல.’

மூச்சு வாங்க, சிரிப்போடு சொல்லி முடித்தேன். அவர் கையைப் பார்த்தார். பேப்பரை மடித்தார். மடித்ததை இன்னொரு தடவை மடித்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வரவில்லை. எனக்கு முதலில் இருமல் என்றே தோன்றியது.

அவர் அழுது நான் பார்த்ததில்லை. ரத்தம் வந்த அன்று அழவில்லை. பெட்டியோடு சானடோரியத்தில் இறங்கியபோதும் அழவில்லை.

‘குடுத்துட்டேனா,’ என்றார். ‘அந்த அஞ்சு மாசத்துலயே குடுத்துட்டேனா உனக்கு.’

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை காகிதம் அடித்தேன், எத்தனை சனிக்கிழமை கேட்டேன், பஸ்ஸில் வரும்போதுகூட நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவையாவது அவர் இடத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுப் பார்க்கவில்லை. இந்த இரண்டு வருஷமும் ராத்திரி பகலாக அவர் எதை நினைத்து நடுங்கினாரோ, அதை நான் பஸ் பிடித்து ஓடிவந்து சந்தோஷமாக அவர் மடியில் போட்டிருக்கிறேன். சமாதானம் சொல்ல வேண்டிய இடம். சின்ன வயதிலேயே வந்திருக்கலாம், யாரிடமிருந்தோ வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை. கோபம்தான் வந்தது.

‘ஆமா, குடுத்தீங்க,’ என்றேன். ‘அந்த அஞ்சு மாசத்துல நீங்க எனக்குக் குடுத்தது இது ஒண்ணுதானா? வேற ஒண்ணுமே குடுக்கலையா? ரெண்டு வருஷமா நான் எதை வெச்சுக்கிட்டு உயிரோட இருக்கேன்னு நினைச்சீங்க?’

முற்றத்துக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். சன்னல் பக்கம் திரும்பவில்லை. நேராகப் பார்த்தார். பிறகு கையை ஊன்றிப் பாயிலிருந்து எழுந்தார், படுத்தே இருந்ததில் முழங்கால் சடசடத்தது. நான் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. ஒரு அடி நான் முன்னால் வைத்தாலும் பின்னால் போய்விடுவார் என்று பயம். அவரே வந்தார். என் கையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். அவர் உள்ளங்கை இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. வேலை செய்யாத கை. வீங்கின இடத்தில் படாமல், அதைச் சுற்றி, கட்டைவிரலால் மெதுவாக, மெதுவாகத் தடவினார்.

‘ரொம்ப வலிக்குதா?’ என்று கேட்டார்.

துளிகூட வலிக்கவில்லை. ‘ஆமாங்க, ரொம்ப வலிக்குது’ என்றேன். வலிக்கவில்லை என்று சொன்னால் விட்டுவிடுவாரே.